கூட்டெருவில் அவிந்த ஆறு முட்டைகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், கண்டியில் இருந்த அப்பாவின் புடவைக் கடை எரிந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது.

2. இனி எரியக்கூடிய எதையும் வாங்குவதில்லை என்று சொல்லி, அப்பா குண்டசாலையில் அரை ஏக்கர் காணி வாங்கினார். அதற்கு முன் அதில் விளைந்தது புகையிலை என்பதை அவர் யோசிக்கவில்லை.

3. நான் விவசாய டிப்ளோமா படித்தேன். எந்தப் பயிருக்கு எவ்வளவு யூரியா என்பதை மனப்பாடம் செய்தேன்.

4. யூரியா மூட்டையோடு பஸ்ஸில் வந்தபோது சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டேன்.

5. யூரியா இல்லாமல் விவசாயம் செய்வதென்று முடிவெடுத்தேன்.

6. கண்டி நகரத்தில் குண்டு வெடித்தது. காணியை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போவதென்று அப்பா முடிவெடுத்தார். நான் ஒரு வருடம் தவணை கேட்டேன். கிடைத்தது.

7. அந்த ஒரு வருடமும் முடிந்தது. காணியை வாங்க விரும்பியவர் பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலையில், அவருக்கு முன்னால் பொலிஸ் வந்தது.

ஏழாவதைச் சொல்ல நான்காவதிலிருந்து தொடங்க வேண்டும்.

சோதனைச் சாவடியில் சிப்பாய் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மூட்டையில் என்ன? "யூரியா" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது என் குணம். "யூரியா. நாற்பத்தாறு சதவீதம் நைதரசன்" என்று தெளிவான சிங்களத்தில் சொன்னேன். ஒரு தமிழ்ப் பெண், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மடியில் இரசாயன மூட்டையோடு, சதவீதம் வேறு சொல்கிறாள். பஸ் போய்விட்டது. நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தார்கள். விரிவுரையாளர் ஒருவர், இந்தப் பிள்ளை எப்போதும் அப்படித்தான், சதவீதம் இல்லாமல் பேசாது என்று சாட்சி சொன்ன பிறகே என்னை விட்டார்கள். மூட்டையில் பாதியை அவர்கள் சோதிப்பதற்காக வீதியோரத்தில் கொட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் முழுவதும் அந்தச் சாவடியைச் சுற்றி வளர்ந்ததைப் போன்ற பச்சைப் புல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பஸ் ஜன்னலால் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

"இனிமே அந்தச் சாக்கு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அப்பா.

இயற்கை விவசாயத்துக்கு நான் வந்த வழி இதுதான். பிறகு அதைப் பற்றி நிறைய வாசித்தேன், மண்ணைக் கொல்லக்கூடாது என்பதையெல்லாம் உண்மையாகவே நம்பத் தொடங்கினேன். ஆனால் யாராவது எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டால், சோதனைச் சாவடியால் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காணியின் நிலை அப்போது இப்படி இருந்தது. மண்வெட்டி போட்டால் செங்கல்லில் போட்டதுபோல் ஓசை வரும். மழை பெய்தால் மண்ணின் மேல்தோல் தேத்தண்ணீர் நிறத்தில் கீழே ஓடி மகாவலி ஆற்றுப் பக்கம் போகும். நான் முதலில் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டேன். வரப்பு ஓரங்களில் கிளிரிசீடியாக் கம்புகளை நட்டேன். அது எங்கே குத்தினாலும் முளைக்கிற மரம். அதன் இலையை வெட்டி வெட்டி மண்ணை மூடினேன். வைக்கோல், வாழைச் சருகு, பக்கத்து வீட்டு முற்றத்தில் கூட்டிய பலா இலை, எது கிடைத்தாலும் மண்ணின் மேல் போர்த்தினேன். கொத்தவில்லை. எரிக்கவில்லை. போர்வைக்குள் ஓட்டை போட்டுப் போஞ்சியும் கத்தரியும் பூசணியும் மரவள்ளியும் கலந்து நட்டேன். படித்த பாடத்தின்படி எல்லாம் தனித்தனி வரிசையில் நிற்க வேண்டும். இங்கே எல்லாம் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சதுர அடி மண்ணைக் கிளறி மண்புழுக்களை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். முதல் பக்கம் முழுவதும் பூச்சியம். ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்று. நான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா கையிலிருந்த அகப்பையைத் தூக்கிக்கொண்டு, "யாரு? எத்தன பேரு?" என்றார்.

"ஒன்னும்மா! ஒரே ஒரு புழு!"

அம்மா அகப்பையை இறக்கிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். எங்கள் அம்மாவுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சந்தோசம் வந்தாலும் அதே சிரிப்புத்தான். கலவரத்தின்போது நாங்கள் ஒரு வீட்டின் விறகு அறையில் ஒளிந்திருந்தபோதும் அவருக்குச் சிரிப்பு வந்து, அப்பா வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். அதனால் அம்மா சிரிக்கும்போது எது காரணம் என்று எங்களுக்கு உடனே தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. இருவரும் போய் அந்தப் புழுவைப் பார்த்தோம். அது எங்களைப் பொருட்படுத்தாமல் மண்ணுக்குள் போனது.

அப்பா இவை ஒன்றையும் பார்க்கவில்லை. விடிய பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், இன்னொருவருடைய புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டிவிட்டு, இருட்டிய பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்த் திருச்சியைப் பற்றிப் பேசுவார். சித்தப்பா அங்கே போய் வருடக்கணக்காகிறது. நகரத்தில் குண்டு வெடித்த பிறகு அப்பாவுக்கு எங்கேயும் மனம் தரிக்கவில்லை. வெடித்தது எங்கள் பேரால், அடி விழப்போவது எங்கள் முதுகில் என்பார். அது வீண் பயம் என்று நானும் சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் எனக்கு அந்தக் காணியும் வேண்டும். விற்றால் நான் சூட்கேசில் போட்டுக்கொண்டு போக முடியாத ஒரே பொருள் அது. திருச்சியில் நான் மறுபடியும் பூச்சியத்திலிருந்து புழு எண்ண வேண்டும்.

தவணை முடியும் வாரத்தில் நான் ஒரு பெரிய கூட்டெரு மேடு போட்டேன். என் நெஞ்சளவு உயரம். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் இரண்டு மாடுகள் கொடுத்த சாணம், பச்சை இலை, வைக்கோல், அடுக்கடுக்காக. சரியாக அடுக்கினால் உள்ளே உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்து, மேடு தானாகவே சூடாகும். அதை அளக்கக் கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானி இரவல் வாங்கி வந்தேன். நீண்ட கம்பி, அதிலிருந்து ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர், இரண்டும் போய்ச் சேரும் ஒரு சிறிய பெட்டி, பெட்டியில் மாறிக்கொண்டே இருக்கும் சிவப்பு எண்கள். இந்த வர்ணனையை எழுதும்போதுதான் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று புரிகிறது. அப்போது எனக்கு அது வெப்பமானியாக மட்டுமே தெரிந்தது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, மேடு அறுபத்தைந்து பாகைக்கு ஏறிவிட்டது, மண் உயிரோடு இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"குப்பைக்கு உசுரா? அப்பிடீன்னா ஒரு முட்டைய அவிச்சுக் காட்டச் சொல்லு, பாப்போம்" என்றார் அப்பா.

"எத்தன முட்டைப்பா?"

"ஆறு" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு முட்டைகளை ஒவ்வொன்றாக ஈயத்தாளில் சுற்றி, ஒரு வலைப்பையில் போட்டு, வெப்பமானிக் கம்பியோடு சேர்த்துக் கட்டி மேட்டின் நடுவில் புதைத்தேன். பெட்டியை மேலே ஒரு பலகையில் வைத்தேன்.

தை மாதத்துக் குளிர். காலையில் மேடு புகைந்தது. உண்மையில் அது நீராவி. ஆனால் வீதியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு தமிழ் வீட்டுக் காணியில், ஒரு புதைமேடு, நடுவில் வயர், மேலே எண் ஓடும் பெட்டி, சுற்றிலும் புகை. யார் பொலிசுக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஒரு பொலிஸ் சார்ஜன், துணைக்கு இரண்டு இராணுவச் சிப்பாய்கள். வேலிக்கு வெளியே சனம். சார்ஜன் எங்களை எல்லாம் பலா மரத்துக்குப் பின்னால் போகச் சொன்னார். பிறகு தானும் வந்து அதே மரத்துக்குப் பின்னால் நின்றார். அப்பாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அது பயந்த முகம் என்று சொல்ல முடியாது. நான் சொன்னேன் பார்த்தாயா என்ற முகம். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

"அது என்ன, நங்கி?" என்றார் சார்ஜன் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கை. அந்த ஒரு சொல்லால் எனக்கு மூச்சு வந்தது.

"கொம்போஸ்ட், சேர்."

"உள்ளே என்ன இருக்கிறது?"

பட்டியல் கேட்டால் நான் விடுவேனா? "ஒன்று, வாழைத்தண்டு. இரண்டு, வைக்கோல். மூன்று, சாணம். நான்கு…"

"நில்லு" என்றார். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இது கீழேயிருந்து மேலேயா, மேலேயிருந்து கீழேயா?"

"கீழேயிருந்து, சேர்."

"மேலேயிருந்து சொல். நாங்கள் மேலேயிருந்துதான் தோண்ட வேண்டும்."

மேலேயிருந்து சொன்னேன். நடுவுக்கு வந்ததும், "ஐந்தாவது, முட்டை. ஆறு. ஈயத்தாளில் சுற்றியது" என்றேன்.

சார்ஜனின் பேனா நின்றது.

"முட்டை ஏன்?"

"அப்பா கேட்டார், சேர்."

சார்ஜனும் இரண்டு சிப்பாய்களும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கைகளைக் கூப்பி, "நான் வெளாட்டுக்குச் சொன்னேன் சார்" என்றார், பதற்றத்தில் தமிழிலேயே.

அப்போது வேலிக்கு வெளியே பக்கத்து வீட்டு அக்காவின் குரல் எழுந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "மாத்தயா! அது என் மாட்டுச் சாணம்! நானே அள்ளிக் கொடுத்தேன்! என் மாட்டுச் சாணத்தையா வெடிகுண்டு என்கிறீர்கள்?" என்று கத்தினார். தன் மாடுகளை யாரோ அவமதித்துவிட்டதுபோல அவ்வளவு கோபம். இரண்டு மாடுகளின் பெயரையும் சொன்னார். சார்ஜன் அவற்றையும் எழுதிக்கொண்டார்.

சிப்பாய்கள் மேட்டைத் தொட மறுத்தார்கள். ஒருவர் குண்டு என்பதால், மற்றவர் சாணம் என்பதால். ஆகவே நானே போனேன். உள்ளே இருப்பது என்னவென்று அந்த இடத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். சார்ஜன் மரத்துக்குப் பின்னாலிருந்து பட்டியலை வாசித்தார். "ஒன்று, உலர்ந்த புல்!" நான் புல்லை அள்ளிக் காட்டினேன். "சரி. இரண்டு, சாணம்!" காட்டினேன். கூட்டம் மூக்கைப் பொத்தியது. "மூன்று!" நாலு. ஐந்துக்கு வந்தபோது வலைப்பையை வெளியே இழுத்தேன். ஆறு வெள்ளி உருண்டைகள் வெயிலில் மின்னின, ஆவி பறந்தது. இரண்டு சிப்பாய்களும் தரையில் படுத்துவிட்டார்கள்.

ஒன்றை உரித்தேன். ஈயத்தாள், பிறகு ஓடு. மஞ்சள் கரு நன்றாக இறுகியிருந்தது. வெண்கரு மட்டும் கொஞ்சம் தளதளவென்றிருந்தது. அறுபத்தைந்து பாகையில் முட்டை அப்படித்தான் அவியும். "வெந்திருக்கு!" என்று தமிழில் கத்தினேன். அம்மாவின் முந்தானை வாயிலிருந்து விழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கூட்டமும் சிரித்தது. தரையில் கிடந்த சிப்பாய்களில் ஒருவர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு சிரித்தார். சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கடமை இருந்தது.

"கேட்டவர் முதலில் சாப்பிடட்டும்" என்றார்.

தான் குப்பை என்று சொன்னதில் அவிந்த முட்டையை, பொலிஸ் உத்தரவின் பேரில், ஊர் பார்க்க, எங்கள் அப்பா சாப்பிட்டார். மெதுவாக மென்றார். விழுங்கினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"உப்பு இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அம்மா உப்பும் மிளகுத்தூளும் சின்னத் தட்டில் கொண்டு வந்தார். சார்ஜன் இரண்டு சாப்பிட்டார், சிப்பாய்கள் ஆளுக்கு ஒன்று. கடைசி முட்டை எனக்கு. குறிப்பேட்டில் சுவையையும் எழுத வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் காணி வாங்க வந்தவரின் ஓட்டோ வாசலில் நின்றது. கண்டிச் சந்தைப் பக்கம் வியாபாரம் செய்கிற, வயதான முஸ்லிம் முதலாளி. அப்பாவோடு பழைய கடைக்காலத்துப் பழக்கம். சீருடைகளைப் பார்த்ததும் ஒரு காலை ஓட்டோவுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"என்ன முதலாளி, பொலிஸ் எல்லாம் ஈக்கிது? காணில ஏதும் பிரச்சினையா?"

"ஒன்னுமில்ல ஹாஜியார். முட்டை சாப்பிட வந்திருக்காங்க" என்றார் அப்பா.

ஹாஜியார் கொஞ்ச நேரம் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும் இறக்கினார்.

சார்ஜன் எங்கள் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, இனி வயர் வேண்டாம், ஒரு கம்பைக் குத்தி எடுத்துத் தொட்டுப் பார், அது போதும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. ஹாஜியார் காணியைச் சுற்றினார். அப்பா பின்னால் போனார். அவர்கள் பின்னால் நான். பகல் வெளிச்சத்தில் அப்பா அந்தக் காணிக்குள் நடந்ததே அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இப்போது எதைச் சொன்னாலும் அது கெஞ்சலாகிவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது மிகக் கடினமான வேலை.

ஹாஜியார் போஞ்சிப் பாத்தியருகே குனிந்து, வைக்கோல் போர்வையை விலக்கி, ஒரு பிடி மண் எடுத்தார். கறுப்பு மண். விரல்களுக்கிடையில் உதிர்ந்தது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்த்தார்.

"சுமார்தான் முதலாளி. கல்லு ஈக்கிது" என்று கீழே போட்டார்.

நாலு அடி தள்ளிப் போய் மறுபடியும் குனிந்தார். மறுபடியும் தேய்த்தார். "ஈரம் கூட. வூடு கட்டினா அத்திவாரம் நிக்காது."

பூசணிக் கொடியருகே மூன்றாவது தடவை குனிந்தார். இந்த முறை மண்ணை மூக்கருகே கொண்டுபோனார். குறை சொல்லவில்லை. கீழேயும் போடவில்லை. கையைத் துடைப்பவர்போல் சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார், மண் அதற்குள் போனது, கைலேஞ்சி பைக்குள் போனது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஹாஜியாரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்க்கிற அதே பார்வை. புடவைக் கடையில், துணியைத் தேய்த்துப் பார்த்துச் சுமார் என்று சொல்லிவிட்டு வேறு துணிக்குப் போகிறவர் வாங்கலாம், வாங்காமலும் விடலாம். ஆனால் கை மூன்றாவது தடவை அதே துணிக்குத் திரும்பி வந்தால், அவர் மனதுக்குள் அதை உடுத்திவிட்டார். அந்த நேரத்தில் எந்தக் கடைக்காரனும் விலையைக் குறைக்கமாட்டான்.

அப்பா குனிந்தார். ஹாஜியார் தொட்ட அதே இடத்தில் மண்ணை எடுத்தார். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"ஹாஜியார்" என்றார். "காணி விக்கிறதுக்கு இல்ல."

"என்ன முதலாளி இப்பிடிச் செல்றீங்க? நேத்து விக்கிறேன்டு சென்னீங்களே!"

"நேத்து நான் சரக்கப் பாக்கல."

ஹாஜியார் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கட கண்ணு பொல்லாத கண்ணு. இந்தக் கண்ண வச்சிக்கிட்டு ஏன் வேற மனுசன்ட கடையில நிக்கிறீங்க?" விலையைக் கூட்டிக் கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். இன்னும் கூட்டினார். கூட்டக் கூட்ட அப்பாவின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஹாஜியார் ஒரு பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

வாசலிலிருந்து திரும்பும்போது அப்பா என்னிடம், "ஏம்மா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"ஒரு வருசமா சொன்னேன்ப்பா."

"எண்ணிக்கை சொன்ன. பாகை சொன்ன. கையில எடுத்துக் குடுத்தியா?"

குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன், அம்மாவைப்போலவே, நிறுத்த முடியாமல். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எதுக்குச் சிரிக்கிற, பயமா, சந்தோசமா?" என்றார்.

போர் இன்னும் முடியவில்லை. சித்தப்பா இன்னும் கடிதம் எழுதுகிறார். அப்பா இன்னும் பதில் எழுதுகிறார், வருகிறோம் என்றும் எழுதுவதில்லை, வரவில்லை என்றும் எழுதுவதில்லை. காணி அப்பாவின் பெயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் பாத்திகளுக்கிடையில் நடக்கிறார். கிளிரிசீடியாவில் படரவிட்ட மிளகுக் கொடி இந்த வருடம் முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது. மேற்குப் பக்கத்து மூலையில் மண் இன்னும் சரியாகவில்லை.